‘காகஸ் கே ஃபூல்’: எந்தப் பிரதியில் பார்த்தீர்கள்?

குரு தத் 1959-இல் இயக்கி நடித்த ‘காகஸ் கே ஃபூல்’ படத்தைப் பற்றி யார் என்ன கருத்துச் சொன்னாலும், அதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்பாக, எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுவது என் வழக்கம். சென்னையில் என் உறவினர், நண்பர், அக்கம்பக்கத்தார் என்று இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஏராளமானோர் உண்டு. அவர்களில் ஏறக்குறைய அனைவரும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தாம். சிலர் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ஹிந்திப் படங்களின் வரிசையில் பார்த்தார்கள். சிலர் டெக் வாடகைக்கு எடுத்துக் கேசட் போட்டுப் பார்த்தார்கள். பிறகு விசிடி வந்தது, டிவிடி வந்தது, இப்போது கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள். இவர்கள் சொல்லும் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கின்றன. படம் நகரவே மறுக்கிறது என்கிறார் ஒருவர். பாட்டுக்காக மட்டும் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். கறுப்பு வெள்ளையில் இதற்கு இணையான இந்தியப் படம் கிடையாது என்று அடித்துச் சொல்கிறார் மூன்றாமவர். பல ஆண்டுகளாக இந்தக் கருத்துகளைக் கேட்டும் வாதாடியும் வந்ததில் எனக்கு உறுதியாகியிருப்பது இதுதான்: இந்தப் படத்தைப் பற்றிய கசப்பான கருத்துகளில் பாதி, உண்மையில் படத்தைப் பற்றியவை அல்ல, அவர்களுக்குக் காட்டப்பட்ட சிதைந்த பிரதியைப் பற்றியவை. மீதிப் பாதி நியாயமானவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் படத்தைத் தூக்கி வைப்பதும் தள்ளி வைப்பதும் சரியாகாது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுரேஷ் சின்ஹா புகழின் உச்சியில் இருக்கும் திரைப்பட இயக்குநர். அவனுடைய மனைவி, சினிமாக்காரர்களை இழிவாக நினைக்கும் டெல்லிப் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவள். கணவனைப் பிரிந்து பெற்றோருடன் வாழ்கிறாள். மகள் பம்மி டேராடூனில் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். ஒரு மழை நாளில் மரத்தடியில் சாந்தி என்ற பெண்ணைச் சந்திக்கும் சுரேஷ், குளிரில் நடுங்கும் அவளுக்குத் தன் கோட்டைக் கொடுக்கிறான். அதைத் திருப்பித் தரப் படப்பிடிப்புத் தளத்துக்கு வரும் அவள், ஓடிக்கொண்டிருக்கும் கேமராவுக்கு முன்னால் அறியாமல் நடந்துவிடுகிறாள். அந்தப் படத்துண்டைத் திரையில் போட்டுப் பார்க்கும்போது, தான் எடுத்துக்கொண்டிருக்கும் ‘தேவதாஸ்’ படத்துக்கு வேண்டிய நாயகி பார்வதி அவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. சாந்தி நட்சத்திரமாகிறாள். இருவருக்கும் இடையே அன்பு வளர்கிறது, ஊர் வாய் அதை மெல்லுகிறது, பள்ளியில் மகள் கேலிக்கு ஆளாகிறாள், சாந்தி விலகிப் போகிறாள். சுரேஷ் குடியில் விழுந்து, வேலையையும் வீட்டையும் இழந்து, கடைசியில் தன் பழைய ஸ்டூடியோவிலேயே இயக்குநரின் நாற்காலியில் அமர்ந்தபடி உயிர் விடுகிறான்.

இந்தக் கதையை எடுக்கக் குரு தத்தும் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தியும் தேர்ந்தெடுத்த வடிவம் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை. இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் சினிமாஸ்கோப் படம் இது. தமிழில் அந்த வடிவம் வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் நமது முதல் சினிமாஸ்கோப் படம். கோயிலும் அரசவையும் யானையும் படையும் வரும் படத்துக்கு அகலத்திரை வேண்டும் என்பது எவருக்கும் புரியும். நான்கு சுவருக்குள் இரண்டு பேர் பேசாமல் நின்றுகொண்டிருக்கும் படத்துக்கு அது எதற்கு என்ற கேள்விக்குத்தான் ‘காகஸ் கே ஃபூல்’ பதில் சொல்கிறது. அந்தப் பதில் முழுவதும் சட்டகத்தின் (ஃபிரேமின்) இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. நமது வீட்டுப் பெட்டிகள் முதலில் வெட்டி எறிந்தவையும் அந்த ஓரங்களைத்தான்.

கணக்கு எளிமையானது. சினிமாஸ்கோப் சட்டகத்தின் உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ 1.33 பங்குதான். உயரம் முழுவதையும் நிரப்பிக் காட்ட வேண்டுமென்றால் அகலத்தில் 57 விழுக்காடு மட்டுமே திரையில் தங்கும். 43 விழுக்காடு வெளியே போய்விடும். கேசட்டுக்கு மாற்றும் இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியிலும் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார். பேசுபவர் முகம் இருந்தால் போதும் என்பதே பெரும்பாலும் அந்த முடிவு. நான் முதன்முதலில் பார்த்த கேசட்டில் பல இடங்களில் திரையின் விளிம்பில் ஒரு மூக்கும் ஒரு தோள்பட்டையும் மட்டும் தெரிந்தன. பேசுபவர் ஒருவர், அதைக் கேட்பவர் யார் என்று தெரியாது. சில இடங்களில் ஒரே காட்சி திடீரென்று இடமிருந்து வலமாக நகரும். அது மூர்த்தியின் கேமரா நகர்ந்தது அல்ல. கேசட்டுக்கு மாற்றியவர் சட்டகத்துக்குள் தம் வசதிக்கு நகர்ந்துகொண்டது. அப்படிப் பார்த்த ஒருவர் இந்தப் படத்தில் கேமரா தடுமாறுகிறது என்று என்னிடம் சொன்னபோது நான் வருந்தினேனே தவிர, அவர்மேல் கோபம் வரவில்லை.

எல்லாரும் பேசும் ‘வக்த் நே கியா’ பாடலையே எடுத்துக்கொள்ளலாம். கைஃபி ஆஸ்மி எழுதி, எஸ்.டி. பர்மன் இசையமைத்து, கீதா தத் பாடியது. ஆளில்லாத பெரிய படப்பிடிப்புத் தளம். மிக உயரத்திலிருந்து ஒரு தடித்த ஒளிக்கற்றை சாய்வாக இறங்கித் தரையைத் தொடுகிறது. சுரேஷ் ஒரு பக்கம், சாந்தி மறு பக்கம். இருவரும் வாய் திறப்பதில்லை. பாட்டு அவர்கள் உதட்டில் இல்லை, அந்தக் கூடத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் இருவரின் உடல்களும் நின்ற இடத்திலேயே நிற்க, அவர்களுடைய உருவங்கள் மட்டும் நிழல்போலப் பிரிந்து நடந்து, அந்த வெளிச்சத்தின் நடுவே சந்திக்கின்றன. அந்தக் கற்றைக்காக மூர்த்தி விளக்குகளை நம்பவில்லை. வெளியே அடித்த வெயிலைப் பெரிய கண்ணாடி ஒன்றில் வாங்கி, தளத்துக்குள் இருந்த இன்னொரு கண்ணாடிக்கு அனுப்பி, அங்கிருந்து கீழே இறக்கினார். ஆகவே அது உண்மையான சூரிய வெளிச்சம். விளக்கின் ஒளிபோல் விரிந்து நீர்த்துப் போகாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் இருப்பது அதனால்தான்.

இப்போது இந்தக் காட்சியிலிருந்து 43 விழுக்காட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். சுரேஷை வைத்தால் சாந்தி இல்லை. சாந்தியை வைத்தால் சுரேஷ் இல்லை. நடுவை வைத்தால் இருவருமே இல்லை. இருவருக்கும் இடையிலுள்ள வெற்றுத் தரைதான் அந்தப் பாட்டின் பொருள். அந்தத் தரையைத் தாண்ட அவர்களுக்கு உரிமை இல்லை என்பதை ஒரு சொல்லும் பேசாமல் காட்டத்தான் அவ்வளவு அகலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கேசட்டில் அந்த இடைவெளி காணாமல் போய்விட்டதால், ஒருவர் சோகமாக நிற்கிறார், அடுத்து இன்னொருவர் சோகமாக நிற்கிறார் என்ற அளவுக்குக் காட்சி சுருங்கிவிட்டது. இதைப் பார்த்தவர் ஒரே அழுமூஞ்சிப் படம் என்று சொன்னால், அவர் கண்ணில் பட்டதை அவர் நேர்மையாகவே சொல்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அகலத்திரை வடிவிலேயே வந்த டிவிடி கைக்குக் கிடைத்த பிறகும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு, இலங்கை வானொலியில் பினாக்கா கீத் மாலா கேட்டு வளர்ந்தவர் என்பதால், அந்தக் காலத்து ஹிந்திப் பாடல்கள் அனைத்தும் மனப்பாடம். அவருக்காகவே அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். போட்டவுடன் அவர் முகம் சுருங்கியது.

“என்னடா இது, மேலயும் கீழயும் ரெண்டு பட்டை கறுப்பா இருக்கு? பாதிப் படத்தை வெட்டிட்டான் போலிருக்கே!”

ரிமோட்டை வாங்கி, திரையை நிரப்பும் ஜூம் பொத்தானை அவரே அழுத்தினார். பட்டைகள் மறைந்தன, அவற்றோடு திரையின் இரண்டு பக்கங்களிலும் நின்றிருந்தவர்களும் மறைந்தார்கள். நான் மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பாட்டுக் காட்சியில் படத்தை நிறுத்தி, ஜூமுக்கு மாற்றியும் மாற்றாமலும் காட்டினேன். “பட்டை இருந்தாத்தான் பெரியப்பா முழுப் படம். பட்டை போனா ஆள் போயிடறாங்க” என்றேன். அவர் சற்று நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “அப்ப இத்தனை வருஷமா ஆளை வெட்டித்தான் காட்டிண்டிருந்தானா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த மனத்தாங்கல் எனக்கும் உண்டு. கறுப்புப் பட்டை என்பது குறை, முழுத்திரை என்பது நிறைவு என்று தலைகீழாக நம்பும்படி நாம் பழக்கப்பட்டுவிட்டோம். இன்றைய அகலமான பெட்டிகளிலும் இந்தப் படம் உயரத்தில் முக்கால் பங்கைத்தான் நிரப்பும். மிச்சம் பட்டையாகத்தான் இருக்க வேண்டும். முகங்கள் நீளவாக்கில் இழுபட்டுத் தெரிந்தால், யாரோ பட்டைகளைப் பொறுக்காமல் படத்தை இழுத்து நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். வட்டமாக இருக்க வேண்டிய ஸ்டூடியோ விளக்கின் முகப்பு முட்டை வடிவில் தெரிகிறதா என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

மெதுவாக நகர்கிறது என்ற புகாருக்கு வருகிறேன், ஏனென்றால் நான் கேட்டதிலேயே அதிகம் பேர் சொன்னது இதுதான். அகலமான சட்டகத்தில் ஒரு காட்சியை வாசிக்கக் கண்ணுக்கு நேரம் பிடிக்கும். ஓர் ஓரத்தில் நிற்கும் மனிதனைப் பார்த்து, நடுவில் இருக்கும் நாற்காலிகளையும் ஏணிகளையும் தொங்கும் கயிறுகளையும் கடந்து, மறு ஓரத்தில் இருக்கும் பெண்ணை அடைய வேண்டும். திரும்பியும் வர வேண்டும். குரு தத் ஒவ்வொரு காட்சியையும் அந்தப் பயணத்துக்கு வேண்டிய அளவு நேரம் நிறுத்துகிறார். வெட்டப்பட்ட பிரதியில் அந்தப் பயணமே இல்லை. ஒரு முகம்தான் இருக்கிறது, அதைக் கண் உடனே பார்த்து முடித்துவிடுகிறது. காட்சியோ முழு அகலத்துக்கு அளந்து வைத்த நேரம் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. சலிப்பு வராமல் என்ன செய்யும்? பெரியப்பா முழுச் சட்டகத்தில் இரண்டாம் முறை பார்த்தபோது மெதுவாகப் போகிறது என்ற சொல்லை எடுக்கவே இல்லை. படத்தின் தொடக்கத்தில் முதுமை தட்டிய சுரேஷ் ஆளற்ற ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, உயரத்துக்கு ஏறி நின்று கீழே பார்க்கும் இடத்தில், அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே தொடங்கும் முகமது ரஃபியின் குரலை அவர் வானொலியில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், அது ஒருவர் உயரத்திலிருந்து தன் பழைய வாழ்வைப் பார்க்கும் இடத்தில் வருகிறது என்பது அதுவரை தம் மனத்தில் பதியவில்லை என்றார்.

ஆனால் அகலம் வந்துவிட்டால் எல்லாக் குறையும் போய்விடும் என்று நான் வாதிட மாட்டேன். ஜானி வாக்கர் வரும் நகைச்சுவைப் பகுதி எந்தப் பிரதியில் பார்த்தாலும் படத்தோடு ஒட்டவில்லை. அவர் சுரேஷின் மைத்துனராக வருகிறார். அவருக்குத் தனிக் காதல், தனிப் பாட்டு எல்லாம் உண்டு. ஐம்பதுகளின் தமிழ்ப் படங்களில் கதைக்குப் பக்கத்தில் ஓடும் நகைச்சுவைத் தடத்துக்குப் பழகிய பெரியப்பா போன்றவர்களுக்கு இது உறுத்துவதில்லை. ஜனங்களுக்கு மூச்சு விட இடம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். இளையவர்கள் அந்த இடம் வந்ததும் ரிமோட்டில் கையை வைக்கிறார்கள். எனக்கும் அங்கே பொறுமை தளர்கிறது, ஆனாலும் ஓட்டிவிடுவதில்லை. மாமனார் வீட்டின் நாய்களும் விருந்துகளும் மிடுக்கும் வெளிப்படுவது பெரும்பாலும் அந்தப் பகுதிகளில்தான். அவற்றை விட்டுவிட்டால் சுரேஷுக்கு எந்த வீட்டு வாசல் அடைக்கப்பட்டது என்பது தெரியாமல் போகும்.

இதைவிடக் கனமான ஒரு மறுப்பை எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டு அக்கா சொன்னார். குடும்ப நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். “அந்தப் பொண்டாட்டி பக்கத்து நியாயத்தை ஒரு சீன்லயாவது சொல்லியிருக்கலாமே தம்பி. அவ என்ன தப்பு பண்ணினா? புருஷன் வேற ஒருத்தியோட பேர் அடிபடறான், குழந்தை ஸ்கூல்ல அழுதுட்டு வருது, அவ கோர்ட்டுக்குப் போகாம என்ன செய்வா?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. மனைவியாக நடித்த வீணாவுக்கு இறுகிய முகமும் மறுப்பும் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை. மகளை யாரிடம் விடுவது என்ற வழக்கில் சுரேஷ் தோற்கும்போது படம் முழுக்க அவன் பக்கமே நிற்கிறது. இந்து திருமணச் சட்டம் 1955-இல்தான் வந்தது. நம் மாகாணத்தில் 1949-இலேயே இந்துக்களுக்கு மணவிலக்குக்கு இடமளிக்கும் தனிச் சட்டம் இருந்தது. நாடு முழுவதும் மணமுறிவு என்பது நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பிரிந்த குடும்பத்தைக் கதையின் மையத்தில் வைத்த துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் குடும்பத்தின் மூன்று பேரில் ஒருவருக்கு மனமே இல்லாததுபோல் காட்டியது படத்தின் பெரிய பலவீனம். எவ்வளவு நல்ல பிரதியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

காட்சித் தொடர்பியல் படிக்கும் என் தங்கை மகளின் கருத்து வேறு திசையில் போகிறது. சுரேஷின் வீழ்ச்சிக்கு உலகம் காரணம் அல்ல, அவனுடைய தன்னிரக்கம்தான் காரணம்; அதைக் குரு தத் தியாகம் என்று காட்டி நம்மை நம்பவைக்கப் பார்க்கிறார் என்பது அவள் வாதம். மீண்டும் நடிக்க வரும் சாந்தி, தன் படத்தைச் சுரேஷ்தான் இயக்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் நிபந்தனை வைத்து, அவனைத் தேடி வந்து அழைக்கிறாள். அவன் மறுத்துவிடுகிறான். தன் பெயருக்குக் கிடைக்காத வேலை அவள் பெயரால் கிடைப்பதை அவன் மானம் ஏற்கவில்லை. “மாமா, இதுல என்ன பெருமை இருக்கு? தொழில் தெரிஞ்சவன், ஒருத்தி மரியாதையோட கூப்பிடறா, போய் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே?” என்று அவள் கேட்டாள். நான் அவளோடு முழுவதும் உடன்படவில்லை. படம் அந்த மறுப்பைப் புகழ்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வரும் காட்சிகள் அவனுக்குக் கண்ணியத்தை அல்ல, சீர்குலைவையே தருகின்றன. தான் ஆண்ட தளத்துக்கே துணை நடிகர் கூட்டத்தில் ஒருவனாக வந்து, கேமராவுக்கு முன்னால் ஒரு வரி பேச முடியாமல் திணறி நிற்கும் மனிதனைப் பெருமைக்குரியவனாக யார் பார்ப்பார்கள்? அவனை அடையாளம் கண்டுகொண்டு சாந்தி பின்னாலேயே ஓடிவருகிறாள். அவளைப் பார்த்துவிட்ட ரசிகர் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. படத்தின் முற்பகுதியில் சுரேஷைச் சூழ்ந்து வாழ்த்திய அதே வகைக் கூட்டம்தான் இப்போது இருவருக்கும் இடையில் நிற்கிறது. அந்தச் சட்டகம் முழு அகலத்தில், விளிம்பிலிருந்து விளிம்புவரை தலைகளால் நிரம்பியிருக்கிறது.

குறுந்தகட்டு உறைகளிலும் அறிமுகக் குறிப்புகளிலும் தவறாமல் சொல்லப்படும் செய்தி, இது குரு தத்தின் சொந்த வாழ்க்கை என்பது. இதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். படம் வணிகத்தில் படுதோல்வி அடைந்தது, அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் இயக்குநராகத் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, 1964 அக்டோபரில் முப்பத்தொன்பது வயதில் இறந்துபோனார் என்பவை உண்மை. ஆனால் இவை அனைத்தும் படம் எடுத்து முடித்த பிறகு நடந்தவை. எடுத்த நேரத்தில் அவர் ‘பியாசா’ என்ற வெற்றிப் படத்தைக் கொடுத்திருந்த, சொந்த நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த, முப்பது வயதைச் சற்றே கடந்த தயாரிப்பாளர். தோல்விக்குப் பிறகும் ஒடுங்கிப்போகவில்லை; மறு ஆண்டே ‘சௌத்வீன் கா சாந்த்’ படத்தைத் தயாரித்து வெற்றி கண்டார், 1962-இல் ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ வந்தது. பின்னால் வந்த மரணத்தை முன்னால் கொண்டுபோய்ப் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் ஒட்டிப் பார்ப்பதால், பார்ப்பவர்கள் குரு தத்துக்காக அழுகிறார்களே ஒழிய சுரேஷ் சின்ஹாவைக் கவனிப்பதில்லை. நடுவயதைத் தாண்டிய ஒருவனின் தோல்வியை, வெற்றியின் நடுவில் இருந்த ஓர் இளைஞர் கற்பனையால் எட்டிப் பிடித்தார் என்பதல்லவா வியப்புக்குரியது?

சாந்தியாக நடித்த வஹீதா ரஹ்மானைப் பற்றி மட்டும் நான் கேட்டவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அவர் 1938-இல் நம் செங்கல்பட்டில் பிறந்தவர் என்பதும், ஹிந்திக்குப் போகும் முன் தெலுங்கிலும் தமிழிலும் நடனமாடியவர் என்பதும் சென்னைக்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. ‘காலம் மாறிப் போச்சு’ படத்தில் பார்த்ததைப் பெரியப்பா இன்றும் நினைவு வைத்திருக்கிறார். ‘காகஸ் கே ஃபூல்’ வந்தபோது வஹீதாவுக்கு இருபத்தொரு வயது. சாந்தியாக அவர் செய்வது மிகக் குறைவு, அந்தக் குறைவுதான் படத்தைத் தாங்குகிறது. படப்பிடிப்பு இடைவேளைகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும் பெண்ணாக அவரைப் பார்க்கும்போது, சுரேஷுக்கு வாய்க்காத வீடு எது என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. மகள் பம்மி வந்து தன் தந்தையின் வாழ்விலிருந்து விலகிவிடும்படி கேட்கும் காட்சியில் அவர் வாதாடுவதில்லை, கண்ணீரைப் பெருக்குவதுமில்லை. அந்தச் சிறுமி கேட்பது நியாயம் என்று அந்த முகம் ஒப்புக்கொள்கிறது. பிறகு சாந்தி புகழை உதறிவிட்டுக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாகிறாள். தன்னிரக்கம் என்று என் தங்கை மகள் குறை சொல்லும் இந்தப் படத்தில், தனக்காக இரங்காத ஒரே பாத்திரம் சாந்திதான் என்பதை அவளும் ஒத்துக்கொண்டாள்.

பிரதிகளைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். பழைய தட்டுகள் சிலவற்றில் கறுப்பு வெள்ளையின் நடுத்தரச் சாயல்கள் அறவே இல்லை. இருட்டு எல்லாம் மையாகவும் வெளிச்சம் எல்லாம் சுண்ணாம்பாகவும் மாறி, மூர்த்தியின் ஒளிக்கற்றை ஒரு வெள்ளைக் கட்டியாகத் தெரிகிறது. அதற்குள் மிதக்கும் தூசியைப் பார்க்க முடிந்தால் நல்ல பிரதி என்று கொள்ளலாம். அந்தப் படத்துக்காக மூர்த்திக்கும், கலை இயக்குநர் எம்.ஆர். ஆச்ரேக்கருக்கும் ஃபிலிம்ஃபேர் விருதுகள் கிடைத்தன. திரையரங்குகளில் தோற்ற படத்துக்கு அதன் கண்ணுக்காகக் கிடைத்த அங்கீகாரம் அது. மைசூரிலிருந்து போன மூர்த்திக்கு 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர். அப்படிப்பட்டவரின் வேலைமேல், படம் ஓட ஓட மூலையில் நிறுவனத்தின் சின்னம் மினுங்கும்படி பொறித்து விற்றவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வசன வரிகளின் (சப்டைட்டில்) குறை எங்கள் ஊரில் இன்னும் கூடுதலாக உறைக்கிறது. ஹிந்தி தெரியாத நாங்கள் ஆங்கில வசன வரிகளை நம்பித்தான் பார்க்கிறோம். பல தட்டுகளில் வசனத்துக்கு வரும் வரிகள் பாட்டு தொடங்கியதும் நின்றுவிடுகின்றன. மற்ற படங்களில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையாக இருக்கலாம். இந்தப் படத்தில் சுரேஷும் சாந்தியும் ஒருவருக்கொருவர் சொல்ல நினைத்தது அனைத்தையும் கைஃபி ஆஸ்மியின் பாடல்தான் சொல்கிறது. காலம் எத்தனை அழகான கொடுமையைச் செய்துவிட்டது, நீ நீயாக இல்லை, நான் நானாக இல்லை என்று அந்தக் குரல் பாடும்போது, பொருள் தெரியாமல் ராகத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, “ரெண்டு பேரும் எதுக்கு இப்படித் தள்ளித் தள்ளி நிக்கறா?” என்று கேட்டார். பெரியப்பா படத்தை நிறுத்திவிட்டு, தமக்குத் தெரிந்த ஹிந்தியை வைத்து ஒவ்வொரு வரியாகப் பொருள் சொல்லி, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். பெரியம்மா அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. படம் முடிந்ததும், அந்தப் பெண் செய்ததுதான் சரி என்றார்.

1959-இல் மக்கள் இந்தப் படத்தைக் கைவிட்டது நியாயமா என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது. ‘பியாசா’வில் உலகத்தை உதறிவிட்டு நடக்கும் கவிஞனோடு ஒரு பெண் துணைக்குப் போகிறாள், அந்த ஆறுதலை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, நாற்காலியில் பிணமாகக் கிடக்கும் இயக்குநரை அப்புறப்படுத்திவிட்டு வேலையைத் தொடரச் சொல்லும் தயாரிப்பாளரின் குரல் கசந்திருக்கும் என்பது பெரியப்பாவின் எண்ணம். தங்கை மகளோ அந்தக் கடைசிக் காட்சி ஒன்றுதான் படத்தில் துளியும் தன்னிரக்கம் இல்லாத இடம் என்கிறாள். நான் அவள் பக்கம். அடுத்த சந்திப்பில் மாடி வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டு மறுபடி பார்ப்பதாக இருக்கிறோம். நீதிமன்ற வழக்குப் பகுதியை நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பாடல்களுக்கும் வசன வரிகள் உள்ள, சட்டகத்தை வெட்டாத பிரதி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். பெரியம்மாவுக்காகப் பாடல்களை நான் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன், அதைச் சரிபார்க்க ஹிந்தி நன்கு தெரிந்த ஒருவரும் வேண்டும்.